சில்லு இருந்த இடத்தில் உரல்

மூன்றாம் அத்தியாயம்

ஒரு துப்பறிவாளனுக்கு நான்கு பொருள்கள் வேண்டும் என்று நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன: மழைக்கோட்டு, மூடுபனி, பூதக்கண்ணாடி, உதவியாளன். இரண்டாம் உலக யுத்தகாலத்துக் காத்தான்குடியில், பங்குனி வெயிலில், மழைக்கோட்டுப் போட்டவன் வேர்வையிலேயே நீந்திக் கரையேறவேண்டியதுதான். மூடுபனிக்குப் பதிலாகப் தேங்காய்ப் பொச்சுமட்டை எரிக்கும் புகை உண்டு. பூதக்கண்ணாடி ஒன்றை மட்டக்களப்பில் வாங்கினேன். அதில் நடுவாக ஒரு வெடிப்பு. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். உதவியாளன் மஜீட்.

மஜீட் தையற்காரன். பெரிய தெருவில் அவன் கடை. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் வாங்குதான் என் காரியாலயம். இதுவரை இரண்டு வழக்குகளை முடித்திருந்தேன். முதலாவதில், காணாமற்போன ஆடு நான் விசாரணை நடத்திக்கொண்டிருந்தபோதே தானாக வீடு திரும்பியது. இரண்டாவதில், காணாமற்போன குடை என் கையிலேயே இருந்தது.

அன்று முற்பகல் மஜீட் ஒரு கொலரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தில், புத்தகத்துக்குள் இருந்தேன். பக்கத்தின்மேல் நிழல் விழுந்தது.

"இஞ்ச களவு புடிக்கிற தம்பி ஆரு?"

முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வாசலில் நின்றவர் ஹவ்வா உம்மா. வாடகைக் கார் ஓட்டும் உசனாரின் மனைவி.

மஜீட் வாயிலிருந்த ஊசியை எடுக்காமலே என்னைக் காட்டினான். "இவர்தான் உம்மா. ஆனா களவு புடிக்கமாட்டார். களவைப் பத்திப் படிப்பார்."

"என்ட மனிசனைக் கள்ளனெண்டு சொல்லுறாங்க, மனே," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "ஆரையம்பதி கதிர்காமத்தம்பிப் போடியார்ர கார்ச் சில்லு ரெண்டைக் காணல்லையாம். இவர்ர கார்ல நல்ல சில்லு ரெண்டு பூட்டியிரிக்காம். பின்னேரம் அசர்த் தொழுகைக்கு முந்திப் பதில் சொல்லாட்டி விதானையார் பொலிசில குடுப்பாராம். புடிச்சு மறியல்ல போடுறது ஒரு பக்கம், லைசன்சும் போயிரும். அந்தக் கார் இல்லாட்டி எங்கட அடுப்பில பூனைதான் படுக்கும்."

விதானையார் அரசாங்கம் நியமித்த ஊர்த்தலைவர். விஷயம் பாரதூரமானது. யுத்தம் தொடங்கிய பிறகு டயர் என்பதும், அது பூட்டிய சக்கரமான சில்லு என்பதும் கண்ணால் காணக் கிடைக்காத பொருள்களாகிவிட்டன. உசனாரின் காரும் டயர் தேய்ந்து, பின்பக்கம் மரக்குற்றிகளின்மேல் ஏறி, மாதக்கணக்காகக் கொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பெற்றோல் கூப்பன் மட்டும் கையில் இருந்தது. நேற்றுக் காலை அந்தக் கார் திடீரென்று எழுந்து தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது.

"அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"அதுதானே மனே கரைச்சல். 'நான் களவெடுக்கல்ல' எண்டதோட சரி. எங்கால வந்த சில்லெண்டு கேட்டா நிலத்தைப் பார்க்கிறார்."

"ரெண்டாம் கலியாணம் முடிச்சு சீதனமா சில்லு வாங்கியிருப்பாரோ?" என்றான் மஜீட்.

ஹவ்வா உம்மா பார்த்த பார்வையில் அவன் ஊசி கீழே விழுந்தது.

நான் எழுந்து நின்றேன். நாவல்களில் இந்த இடத்தில்தான் துப்பறிவாளனின் கண்கள் ஒளிவிடும். என் கண்களும் ஒளிவிட்டிருக்கும். வாசலில் வெயில் அதிகம்.

"மஜீட், சில்லும் சட்டை மாதிரித்தான். ஒருத்தன்ட சட்டை மற்றவனுக்குப் பொருந்தாது. போடியார்ர சில்லு உசனார்ர காருக்குப் பொருந்தாதெண்டு காட்டினால் வழக்கு முடிஞ்சுது."

"பொருந்திச்செண்டா?"

"பொருந்தாது."

"எப்படித் தெரியும்?"

"உள்ளுணர்வு."

"ஆட்டுக்கும் அதைத்தானே சொன்ன," என்றபடி அவன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அவன் மிதித்தான். நான் பின்னால் கரியரில் உட்கார்ந்து சிந்தித்தேன். எங்கள் வேலைப் பிரிவினை அப்படி.

*

பக்கத்து ஊரான ஆரையம்பதியில், நெல்வயற் சொந்தக்காரரான போடியாரின் கார் வீட்டு வளவின் ஓரத்தில், தென்னங்கீற்றுக் கொட்டிலுக்குள் நின்றது. பெரிய கறுப்புக் கார். பெற்றோலுக்குக் கூப்பன் வந்த நாளிலிருந்து அது ஓடவில்லை. படங்கு ஒன்றால் முழுவதும் மூடி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்பக்கத்துப் படங்கை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் காட்டி, "இதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிவிடுவார்.

இன்று முழுப் படங்கும் கழற்றப்பட்டிருந்தது. முன் சில்லு இரண்டும் இருந்தன. பின்னால், சில்லு இருந்த இடத்தில் இரண்டு உரல்கள். கவிழ்த்து வைத்த மர உரல்களின்மேல் கார், முக்காலியில் குந்திய கொழுத்த மனிதனைப்போல உட்கார்ந்திருந்தது.

"நேற்று றோட்டில உசனார்ர கார் ஓடினதைக் கண்டன்," என்றார் கதிர்காமத்தம்பிப் போடியார். "அடடா, எங்கட காரும் இப்படித்தானே ஓடினது எண்டு நினைச்சு வந்து படங்கைத் தூக்கினா, இந்தக் கோலம்! முந்தாநாள் ராவு நாய் குலைச்சது. அப்பதான் வந்திருக்கான். கள்ளன்ர துணிச்சலைப் பாருங்க தம்பி, என்ட வீட்டு உரலையே எடுத்து முட்டுக் குடுத்திரிக்கான்!"

நான் முழங்காலில் நின்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நான்கு உரல்கள் தெரிந்தன.

"கள்ளன் பலசாலி," என்றேன். "உயரமானவன். முந்திக் கப்பல்ல வேலை செய்தவன்."

"கப்பல் எங்கால வந்த?" என்றான் மஜீட்.

நான் படித்த கதைகளில் பலசாலிகள் எல்லாரும் கப்பற்காரர்களாக இருந்தார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆகவே மௌனமாக இருந்தேன். மௌனமும் துப்பறிவாளனுக்கு அழகு.

மஜீட் அந்தக் காரின் மிதிபலகையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தான். மேலே பூவரசம் இலை மூடியிருந்தது. உள்ளே, தேங்காயெண்ணெயில் ஊறியபடி, கழற்றிய சில்லு நட்டுகள் அத்தனையும் பளபளவென்று கிடந்தன.

"ஒழுங்கான கள்ளன்," என்றான். "எங்கட உம்மாவும் வாப்பாட பொத்தானை இப்படித்தான் சிரட்டையில போட்டு வைப்பா."

"அற்ப விஷயங்களில் கவனத்தைச் சிதறடிக்காதே," என்றேன்.

போடியார் பெருமூச்சு விட்டார். "சில்லும் போச்சு, பிட்டும் போச்சு. வாவிக்கு அங்கால படுவான்கரை வயல் வட்டையில கதிர் வெட்டு முடிச்சு, தோணியேறி வீட்டுக்கு வந்து ஒரு கிழமை, ஏழு நாளாகுது. வந்த நாள் தொட்டு விடிய வெள்ளாப்பில பழஞ்சோறுதான். பிட்டு எங்ககா எண்டு கேட்டா, உடம்புக்குச் சூடெண்டுறா. இவ்வளவு நாளும் இல்லாத சூடு!"

'வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பிரியர். வழக்குக்குச் சம்பந்தமில்லை' என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அப்போது போடியாரின் மனைவி சீதேவிப்பிள்ளை செம்பில் மோர் கொண்டுவந்தார். அமைதியான பெண்மணி. செம்பை என்னிடம் தந்துவிட்டு, கணவர் நாயைத் திட்டப் போன சமயம் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தச் சில்லு உசனார்ர கார்ல வடிவா ஓடுதாமா?"

தன் வீட்டுச் சில்லின்மேல் அவருக்கு இருந்த பாசம் என்னை உருக்கியது. "கவலைப்படாதீங்க அம்மா. அது அந்தக் காருக்குப் பொருந்தவே பொருந்தாதெண்டு பொழுதுபட முந்தி நிரூபிப்பன்."

"பொருந்தாதா?" அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, அப்ப எப்படி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

பாசத்தின் ஆழம் என்று எண்ணினேன்.

மஜீட் குனிந்து, சில்லு கழன்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைப் பார்த்தான். "அஞ்சு." பிறகு ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் நாடாவைப் பிடித்து, ஒரு கணம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுச் சொன்னான்: "மூண்டேகால்."

மூன்றேகால் அங்குலம். மனத்தில் பதித்துக்கொண்டேன்.

*

உசனாரின் கொட்டிலுக்கு நாங்கள் வந்துசேர்ந்தபோது நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மஜீட் நாடாவை என் கழுத்தில் போட்டுவிட்டு, "தொழுதிட்டு வாறன். ஒண்டையும் கண்டுபிடிச்சிராத," என்று பள்ளிவாசலுக்குப் போனான்.

உசனார் தன் காரின் மிதிபலகையில் உட்கார்ந்திருந்தார். விதானையார் காவலுக்கு வைத்த மனிதர் பக்கத்துச் சாக்கில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஓடித் தப்ப நினைக்கும் குற்றவாளிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. உசனாரோ காவல்காரரின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார்.

பின் சில்லில் ஐந்து நட்டுகள் இருந்தன. ஐந்துக்கு ஐந்து. நாடாவை எடுத்து ஒரு நட்டின் நடுவிலிருந்து அடுத்த நட்டின் நடுவரை பிடித்தேன். நாலேகால்! இன்னொரு முறை பிடித்தேன். நாலேகாலேதான்.

ஓர் அங்குல வித்தியாசம்! அரை அங்குலம் மாறினாலே சில்லு ஏறாது. இது முழு அங்குலம்.

"என்ன தம்பி அளக்கிறீங்க?" என்று உசனார் கேட்டார்.

"உங்கட விடுதலையை."

"எனக்கு விடுதலை வேணாம். இண்டைக்குப் பொழுதுபட முந்தி இந்தக் கார் ஒரு இடத்துக்குப் போய் வரோணும். அதுக்கு வழி பண்ணுங்க. மறுகா மறியலுக்கெண்டாலும் போறன்."

"எந்த இடத்துக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "வாக்குக் குடுத்திரிக்கன். கேட்காதீங்க."

"கேட்கத் தேவையில்ல. இந்தச் சில்லு போடியார்ர காருக்குப் பொருந்தாது. ஆகவே இது அவர்ர சில்லில்ல. நீங்க சுத்தவாளி!"

உசனார் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். "பொருந்தாதா? தம்பி, நானே கழ..." என்றவர் சட்டென்று வாயை மூடினார். பிறகு கெஞ்சும் குரலில், "விட்டிருங்க தம்பி. சில்லைக் கழட்ட வேணாம். நேரம் போகுது," என்றார்.

குற்றமற்றவர்களின் அடக்கம்!

மஜீட் வந்ததும், "என்ன, ஏதும் அளந்தயா?" என்று கேட்டான்.

நான் மர்மமாகச் சிரித்தேன். கடைசிக் கட்டம்வரை உதவியாளனிடம் ஒன்றையும் சொல்லக்கூடாது. நான் படித்த ஒரு நாவலாவது இந்த விதியை மீறியது கிடையாது.

*

அசருக்கு இன்னும் நேரம் இருந்தது. போடியாரின் வளவில் கூட்டம் கூடிவிட்டது. நாவல்களில் இந்தக் காட்சி தீமூட்டிய மண்டபத்தில், பட்டுத் திரைச்சீலைகளுக்கு நடுவே நடக்கும். இங்கே விதானையார் குடைபிடித்து நின்றார். வேலிக்கு மேலால் இருபது தலைகள் தெரிந்தன. உசனார் பின் சில்லு இரண்டில் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹவ்வா உம்மா வாசற் படலையோரம் நின்று என்னையே நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"கனவான்களே!" என்று தொடங்கினேன்.

வேலியில் நின்ற ஒருவர் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் காரில ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில மூண்டேகால் அங்குலம். உசனார் கொண்டுவந்த சில்லில, நானே என்ட கையால அளந்தன், நாலேகால்! இந்தச் சில்லு இந்தக் காரில ஏறாது. ஏறாத சில்லு இந்தக் காரில இருந்து எப்படி இறங்கியிருக்கும்?"

கூட்டத்தில் மெல்லிய 'ஆ' ஒன்று எழுந்தது. விதானையார்கூடத் தலையை ஆட்டினார். என் வாழ்நாளில் அந்த அரை நிமிடத்தை யாரும் பறிக்க முடியாது.

மஜீட் என் கையைப் பிடித்தான். "மச்சான், நாலேகாலை ஆரு அளந்த?"

"நான்தான்."

"எந்த நாடாவால?"

"உன்ட நாடாவால. விடு."

"மச்சான், அந்த நாடா..."

"பிறகு சொல்லு. உசனார், சில்லை ஏற்றிப் பாருங்க. எல்லாரும் பார்க்கட்டும்!"

உசனார் விதானையாரைப் பார்த்தார். விதானையார் தலையசைத்தார். உசனார் சில்லைத் தூக்கி ஐந்து ஆணிகளுக்கும் நேரே பிடித்தார்.

சில்லு போய் உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் கை நுழைவதுபோல, ஒரு 'கிளுக்' சத்தத்தோடு, தன் வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்தது. கையால் தட்டிவிட்டதும் சுற்றவும் சுற்றியது.

வேலியில் யாரோ சிரித்தார்கள். மஜீட் நாடாவின் நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் முதல் அங்குலம் இல்லை. நாடா ஒன்றிலிருந்து தொடங்கியது.

"நுனி நைஞ்சு போச்செண்டு போன நோன்புக்கு முந்தியே வெட்டிட்டன். எப்பவும் ஒண்டைக் கழிச்சுத்தான் சொல்லுவன். என்னட்டத் தைக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே!"

"நாலேகாலெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பன். நீதான் உதவியாளனுக்கு ஒண்டும் சொல்லக் கூடாதெண்டு வச்சிரிக்காயே!"

வெறும் கண்ணால் பார்த்திருந்தாலே இரண்டும் ஒன்றென்று தெரிந்திருக்கும். என்னிடம் பூதக்கண்ணாடி இருந்ததால் நான் பார்க்கவில்லை.

"மனே," என்றார் ஹவ்வா உம்மா. "கள்ளனைப் புடிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டன். என்ட மனிசனைப் புடிச்சுக் குடுக்கவா கூப்பிட்டன்?"

விதானையார் குடையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "இனிக் கதைக்க ஒண்டும் இல்ல. உசனார், நட்டைப் பூட்டிட்டு வா, போவம்."

உசனார் நட்டுகளைப் பூட்டி, ஜக்கைப் போட்டுக் காரைச் சற்றுத் தூக்கி, அந்தப் பக்கத்து உரலை இழுத்துவிட்டு, சில்லை நிலத்தில் இறக்கினார். எழுந்தவர் விதானையாரைப் பார்க்கவில்லை. மேற்கே வாவிப்பக்கம் சரிந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். பிறகு அடுக்களை வாசலைப் பார்த்தார்.

அடுக்களை வாசலிலிருந்து சீதேவிப்பிள்ளை வந்தார். ஒருவரையும் பாராமல், கழன்ற உரலைக் கவிழ்ந்தபடியே சரித்து, உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"பாருங்க விதானையார்!" போடியார் கைகளைத் தட்டினார். "ஒரு சில்லு வந்திட்டு. ஒரு உரலும் உள்ளுக்குப் போயிட்டு. இனி நாளைக்காவது பிட்டுக் கிடைக்கும்!"

அவமானத்தில் மரமாக நின்ற எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது.

"போடியார்," என்றேன். "உங்கட வீட்டில பிட்டுக்கு மா எதில இடிக்கிற?"

"உரலில. மறுகா என்ன, தொப்பியிலயா?"

"எத்தனை உரல் இரிக்கு?"

"ரெண்டு. அதைத்தானே கள்ளன் எடுத்தவன்."

"முந்தாநாள் ராவு எடுத்தான்?"

"ஓம்."

"அப்ப ஒரு கிழமையா ஏன் பிட்டில்ல?"

போடியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வேலியில் இருந்த தலைகள் அத்தனையும் ஒரு சாண் உயர்ந்தன.

நான் மெதுவாகச் சொன்னேன். இந்தமுறை கனவான்களை அழைக்கவில்லை. "நீங்க படுவான்கரையில இருந்து வந்த நாளில இருந்தே பிட்டில்ல. அண்டைக்கே உரல் ரெண்டும் காருக்குக் கீழ இருந்திருக்கு. படங்கு மூடியிருந்ததால உங்களுக்குத் தெரியல்ல. அடுக்களைப் பக்கம் நீங்க போறதுமில்ல. ஆனா ஒரு வீட்டில உரல் ரெண்டும் காணாமப் போனா அந்த வீட்டுப் பொம்புளை அண்டைக்கே ஊரைக் கூட்டியிருப்பா. இந்த வீட்டில ஒரு கிழமையா ஒருத்தரும் கேட்கல்ல. சூடெண்டு சொல்லிப் பழஞ்சோறு போட்டிரிக்காங்க."

"நட்டைச் சிரட்டையில எண்ணெயில போட்டு இலையால மூடி வச்சிரிக்காங்க," என்றான் மஜீட். "கப்பல்காரன் செய்யிற வேலையா அது?"

நான் படித்த கதைகளில் வீடு ஆணுடையது. மனைவி அதில் வாழ வந்தவள். ஆகவே பூட்டு, வேலி, நாய், வெளியிலிருந்து வந்த கால்தடம் என்று தேடினேன். எங்கள் கரையில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பெட்டியோடு வந்து குடியேறுகிறவன் மாப்பிள்ளை. பிறந்த நாள்முதல் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்த நான், பனி பெய்யும் ஊர்களின் சட்டத்தை வைத்து ஆரையம்பதி வளவைத் துப்பறிந்திருக்கிறேன்.

அடுக்களைப் பக்கம் திரும்பினேன். "அம்மா..." என்றேன். மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சீதேவிப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு ஏற்கெனவே வெளியே வந்துகொண்டிருந்தார்.

"உரலை வச்சிட்டு வரத்தானே போனன். அதுக்குள்ள இந்தத் தம்பிக்கு அவசரம்," என்றார். "உசனாரை இந்தப் படலையைத் தாண்ட விட்டிருப்பனா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல அம்மா," என்றார் உசனார்.

"தெரியும் உசனார்." அவர் விதானையாரிடம் திரும்பினார். "சில்லை நான்தான் இரவல் குடுத்தன். இவர் வட்டையில நிக்கக்குள்ள உசனார் வந்து கழட்டினார். நாள் கிட்டும் வரைக்கும் ஒளிச்சு வச்சு, நேற்றுத்தான் பூட்டி ஓட்டிப் பார்த்தார். குற்றி தேடி அலைஞ்சார். நான் உரலை உருட்டிக் குடுத்தன். இது என்ட தாய் எனக்குத் தந்த வீடு. என்ட சீதன வட்டையில விளைஞ்ச நெல்லில வாங்கின கார். உசனாரிட்டப் பெற்றோல் இரிக்கு, சில்லு இல்ல. எங்களிட்டச் சில்லு இரிக்கு, பெற்றோல் இல்ல. ரெண்டையும் ஒண்டாக்கினன். இது களவா?"

விதானையார் குடையை மடக்கினார். "என்ட வீட்டிலயும் கேட்டு எடுக்கிற ஆள் நான்தான்," என்றார்.

வேலி முழுவதும் சிரித்தது. போடியார் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குச் சொல்லாம எங்க போறதுக்கு?"

"பெரியகல்லாத்துக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. பெரியகல்லாற்றில் யார் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். போடியாரின் ஒரே மகள் அன்னப்பூரணி. தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்தவள். அதைக்கூடப் பொறுத்திருப்பார். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வரும் ஊரில், அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றுமுதல் அந்தப் பெயரை வளவுக்குள் யாரும் சொல்லக்கூடாது என்பது போடியாரின் கட்டளை.

"அவளுக்கு மாதம் நிறைஞ்சுட்டு," என்றார் சீதேவிப்பிள்ளை. "அங்க பக்கத்தில நிக்க ஒரு பொம்புளை இல்ல. நாளைக்கு அட்டமி, மறுநாள் நவமி. இண்டைக்குப் பொழுதுபட முந்தி அவள் இந்தப் படலைக்குள்ள கால் வைக்கோணும். தலைப்பிள்ளை தாய்வீட்டிலதான் பிறக்கோணும். கேட்டா விடமாட்டீங்க. அதால கேட்கல்ல."

போடியார் காரைப் பார்த்தார். ஒரு பக்கம் சில்லு, ஒரு பக்கம் உரல். "வரட்டும்," என்றார் கடைசியில். "உன்ட வீடு. நீ போய்க் கூட்டிட்டு வா. நான் போய்க் கூப்பிடமாட்டன்."

"நீங்கதான் போறீங்க. எனக்கு மா இடிக்கிற வேலை கிடக்கு."

உசனார் ஸ்பனரை எடுக்கக் குனிந்தார். அதற்குமுன் போடியார் அதை எடுத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, சில்லுக்கு முன்னால் குந்தி, நட்டைக் கழற்றத் திருகினார். மூச்சு வாங்கியது. நட்டு அசையவில்லை.

"மற்றப் பக்கம், போடியார்," என்றார் உசனார் பணிவாக.

போடியார் மற்றப் பக்கம் திருகினார்.

*

மீதிக் கதையில் துப்பறிவுக்கு வேலை இல்லை, தோளுக்குத்தான் வேலை. சில்லு மீண்டும் கழன்று உசனாரின் காருக்குப் போகவேண்டுமானால், போடியாரின் காருக்கு மறுபடி முட்டுக் கொடுக்கவேண்டும். உரல் இனி வெளியே வராது என்று சீதேவிப்பிள்ளை சொல்லிவிட்டார். இருந்த மற்ற உரலும் உடனே வேண்டும் என்றார். எங்கள் கடலோர எழுவான்கரை மணலில் கல்லுக்கு எங்கே போவது? பக்கத்து வளவில் கேட்டு வாங்கிய தென்னங்குற்றிகளை இந்த வழக்கின் துப்பறிவாளனும் உதவியாளனும் உருட்டி வந்தார்கள். கூட்டம் கலையாமல் நின்று ஆலோசனை வழங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஹோர்ன் கேட்டது. முன் சீற்றில் போடியார் ஒரு தலையணையை மடியில் வைத்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அன்னப்பூரணி. போடியார் கல்லாற்றுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உசனார் பிறகு சொன்னார். பாலத்தில் ஏறும்போது மட்டும், "மெள்ளப் போ, பிள்ளைக்குக் குலுங்கும்," என்றாராம்.

அடுக்களையில் உலக்கைச் சத்தம் நின்றது. சீதேவிப்பிள்ளை கையெல்லாம் மாவோடு ஓடி வந்து மகளைப் பிடித்து இறக்கினார். போடியார் தலையணையோடு பின்னால் நடந்தார். அதை எங்கே வைப்பதென்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பிட்டு அவிந்தது. முதல் தட்டு அன்னப்பூரணிக்கு. அடுத்தது உசனாருக்கும், வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நின்ற ஹவ்வா உம்மாவுக்கும். எனக்கும் ஒரு தட்டு வந்தது. போடியாருக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அவர் கேட்கவுமில்லை.

சீதேவிப்பிள்ளை ஒரு பழைய வெள்ளைச் சேலையை மஜீட்டிடம் கொடுத்தார். "பிள்ளைக்கு ரெண்டு சட்டை தைச்சுத் தா, மனே. துணியைப் பார்த்து வெட்டு."

மஜீட் சேலையை விரித்து, கழுத்திலிருந்து நாடாவை எடுத்தான்.

"ஒண்டைக் கழிக்க மறந்திராத," என்றேன், அனுபவசாலியின் குரலில்.

"பிள்ளை வளரும் மச்சான்," என்றான் மஜீட். "இதுக்கு மட்டும் கழிக்கமாட்டன்."